சமர் நடக்கும்போது வரும் கணக்குகள்

1916ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் திகதி, பிரான்சில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படைகளின் தலைமைத் தளபதி சேர் டக்ளஸ் ஹெய்க் தமது நாட்குறிப்பில் ஓர் எண்ணைக் குறித்து வைத்தார். முதல்நாட் காலை சொம் ஆற்றுப் பிரதேசத்தில் ஆரம்பமான பெருந்தாக்குதலில் அதுவரை ஏற்பட்ட இழப்பு 40,000க்கு மேல் என அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஈடுபடுத்தப்பட்ட படையினரின் தொகையையும் தாக்கப்பட்ட முன்னரங்கின் நீளத்தையும் நோக்குமிடத்து இதனைக் கடுமையான இழப்பெனக் கருதுவதற்கில்லை என்றும் அவர் எழுதினார்.

பிற்காலத்தில் பெயர்ப்பட்டியல்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டபோது, யூலை 1ஆம் திகதியாகிய அந்த ஒரே நாளின் இழப்பு 57,470 என முடிவாயிற்று. கொல்லப்பட்டோர் 19,240, காயமடைந்தோர் 35,493, காணாமற்போனோர் 2,152, சிறைப்பிடிக்கப்பட்டோர் 585. பிரித்தானிய இராணுவத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒப்பான இன்னொரு நாள் இல்லை.

ஹெய்க் பொய் எழுதினார் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நாட்குறிப்பில் பொய் எழுதி யாரை ஏமாற்றுவது? அவர் கையில் கிடைத்த எண் அதுதான். ஆனால் சமர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தளபதியின் கையிற் கிடைக்கும் எண்ணுக்கும், அது ஓய்ந்த பின்னர் எழுத்தர் ஒருவர் பேரேட்டைப் புரட்டிக் கூட்டியெடுக்கும் எண்ணுக்கும் இடையே எத்தகைய தூரம் உண்டென்பதை இந்த ஓர் உதாரணமே காட்டுகின்றது. போர் நடக்கும் நாட்டிலிருந்து வெளியேறி, அந்நாட்டுச் செய்திகளைத் தொலைவிலிருந்து கேட்டே நாட்களைக் கழித்த எம்போன்றோருக்கு இவ்விடயம் வெறும் ஐரோப்பிய வரலாறு மாத்திரமன்று.

முதலில் எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைப் பார்ப்போம். சமர் ஓய்ந்த மாலையிலோ மறுநாட் காலையிலோ ஒவ்வொரு பற்றாலியனிலும் பெயர் கூப்பிடுவார்கள். பாடசாலையில் நாம் வரவு இடாப்பு அழைப்பதைப் போன்ற செயல்தான் இது. பெயருக்குப் பதில் வந்தால் அவன் உயிருடன் இருக்கிறான். பதில் வராவிட்டால், பக்கத்தில் நின்றவர்களை விசாரிப்பார்கள். விழுந்ததைக் கண்டேன் என்று ஒருவன் சொன்னால் ஒரு நிரல். காயத்துடன் பின்னால் கொண்டு சென்றார்கள் என்று இன்னொருவன் சொன்னால் மற்றொரு நிரல். எவருமே காணவில்லையென்றால் காணாமற்போனோர் நிரல். அந்தத் தாள் பற்றாலியனிலிருந்து பிரிகேட்டுக்கும், அங்கிருந்து படைப்பிரிவுக்கும், அதற்கு மேலுள்ள தலைமையகங்களுக்கும் செல்லும். சண்டை எங்கே மிக மோசமாக நடந்ததோ அங்கே பெயர் கூப்பிட வேண்டிய அதிகாரியே இறந்திருப்பார். தொலைபேசிக் கம்பி எறிகணையால் அறுந்திருக்கும். செய்தி கொண்டு ஓடியவன் வழியில் விழுந்திருப்பான். ஆகவே குறைந்த இழப்பைச் சந்தித்த அணியின் கணக்கு முந்தி வரும். அழிந்துபோன அணியின் கணக்குப் பிந்தி வரும். தன் தரப்பின் இழப்பைப் பற்றிய முதற்கணக்கு எப்போதும் உண்மையிலும் குறைவாக இருப்பதற்கு வஞ்சகம் ஒரு காரணமாகலாம். ஆனால் வஞ்சகமே இல்லாதவிடத்தும் அது குறைவாகவே இருக்கும்.

இவ்விடத்தில் எமது மொழிபெயர்ப்புப் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'கசுவல்ட்டி' என்று இராணுவத்தார் சொல்வது இறந்தோரை மட்டுமன்று. இறந்தோர், காயப்பட்டோர், காணாமற்போனோர், பிடிபட்டோர் யாவரும் அதனுள் அடக்கம். களத்தில் நின்று சுடுவதற்கு இனி இவன் இல்லை என்பதே அதன் பொருள். எமது பத்திரிகைகளும் வானொலிகளும் அவசரத்தில் இதனை 'உயிரிழப்பு' என்று பெயர்த்துவிடுகின்றன. சொம் சமரின் முதல்நாளில் ஐம்பத்தேழாயிரம் பேர் மாண்டனர் என்று தமிழில் நானே பல இடங்களில் வாசித்திருக்கிறேன். மாண்டவர் அதில் மூன்றிலொரு பங்கினர். 'இழப்பு' என்ற சொல்லை விரிந்த பொருளிலும், 'உயிரிழப்பு' என்பதை இறப்புக்கு மட்டுமாகவும் கையாண்டால் இக்குழப்பம் பெருமளவு தீரும்.

இறந்தோருக்கும் காயப்பட்டோருக்கும் இடையிலான விகிதமும் பேசும். அந்தப் போரில் பொதுவாக ஒருவர் இறக்க மூவரளவில் காயப்படுவது வழக்கமாக இருந்தது. யூலை முதலாம் திகதி அந்த விகிதம் ஒன்றுக்கு இரண்டைக்கூட எட்டவில்லை. காயமடைந்தவர்கள் இரு தரப்பு முட்கம்பிகளுக்கும் இடைப்பட்ட வெளியிலே கிடந்தார்கள். எடுத்துவர எவராலும் முடியவில்லை. காயப்பட்டோர் நிரலில் இருக்க வேண்டியவர்கள் இறந்தோர் நிரலுக்கு மாறினார்கள். எனவே ஒரு தரப்பு வெளியிடும் கணக்கில் இறந்தோர் தொகை மிகச் சிறியதாகவும் காயப்பட்டோர் தொகை மிகப் பெரியதாகவும் இருக்கக் கண்டால், ஒன்றில் அத்தரப்பின் வைத்திய வசதி மிகச் சிறந்தது, அல்லது இறந்தோர் வேறெங்கோ ஒளிந்திருக்கின்றனர். அந்த 'வேறெங்கோ' என்பது பெரும்பாலும் காணாமற்போனோர் நிரல்தான்.

இதற்கு இந்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. நியூபவுண்ட்லாந்து அக்காலத்தில் கனடாவின் ஒரு பகுதியன்று. பிரித்தானியப் பேரரசின் தனிக் குடியேற்ற நாடு. இரண்டரை இலட்சத்தையும் எட்டாத மக்களைக் கொண்ட அத்தீவு திரட்டி அனுப்பிய படையணி யூலை முதலாம் திகதி போமொன் ஹமெல் என்ற கிராமத்துக்கு முன்னால் சரிவொன்றில் இறங்கியது. எண்ணூறு பேரளவில் சென்றனர். மறுநாட் காலை பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். கணக்கு இவ்வாறு எழுதப்பட்டது: இறந்தோர் 233, காயமடைந்தோர் 386, காணாமற்போனோர் 91. இந்த 91 என்ற எண்ணைக் காணும் தாய் என்ன நினைப்பாள்? பிடிபட்டிருக்கலாம், வேறோர் அணியுடன் சேர்ந்திருக்கலாம், நினைவிழந்து எங்கேனும் வைத்தியசாலையிற் கிடக்கலாம். நாட்கள் சென்றன. அந்தத் தொண்ணூற்றொருவரும் இறந்தோராகவே கொள்ளப்பட்டனர். 233 என்பது 324 ஆயிற்று. சமர் நடக்கும்போது வரும் கணக்கில் 'காணாமற்போனோர்' என்று இருப்பதைப் பெரும்பங்கு இறந்தோராகவே வாசிக்க வேண்டியிருக்கிறது என்பதை இராணுவ எழுத்தர்கள் அறிவார்கள். வீட்டிலுள்ளவர்கள் அவ்வாறு வாசிக்க மறுப்பார்கள்; மறுப்பதற்கு அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு.

(அதே நியூபவுண்ட்லாந்தின் கரைக்கு அப்பால்தான் 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அவ்வூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். இந்நாட்டின் ஏனைய பகுதிகள் யூலை முதலாம் திகதியைக் கனடா தினமாகக் கொண்டாடும்போது அத்தீவு மக்கள் அன்று காலை ஏன் துக்கம் அனுட்டிக்கின்றனர் என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது.)

இங்கிலாந்தில் அக்ரிங்டன் என்னும் நெசவாலை நகரத்தின் இளைஞர்கள் ஒரே பற்றாலியனில் சேர்ந்திருந்தனர். அயலவரும் உறவினரும் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகப் போரிடலாம் என்று சொல்லி ஆட்திரட்டிய காலம் அது. சேர் என்ற கிராமத்தின் முன்னால் எழுநூறு பேரளவில் முன்னேறி, அரைமணி நேரத்தில் 580க்கு மேற்பட்டோர் இறந்தோ காயப்பட்டோ வீழ்ந்தனர். அந்நகரத்துக்கு முதலில் வந்த பத்திரிகைச் செய்திகளோ தாக்குதல் நன்கு நடைபெறுவதாகவே சொல்லின. அதற்கு முன்பே காயப்பட்டவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. உத்தியோகபூர்வச் செய்திக்கும் கடிதங்களுக்கும் இடையே பொருத்தமின்மையைக் கண்ட மக்கள், உண்மையைச் சொல்லுமாறு கேட்டு நகரபிதாவின் வீட்டைச் சூழ்ந்துகொண்டதாக அவ்வூர்வாசிகள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். அதிகாரிகளின் குடும்பங்களுக்குத் தந்தி மூலம் செய்தி சென்றது. சாதாரண சிப்பாய்களின் குடும்பங்களுக்குத் தபாலில் ஓர் அச்சிட்ட படிவம். எண்ணிக்கையில் சமமானவர்கள் அறிவித்தலில் சமமானவர்களல்லர்.

சொந்தத் தரப்பின் கணக்கே இவ்வளவு தள்ளாடுமாயின், எதிரியின் இழப்பைப் பற்றிய கணக்கு எத்தகையதாயிருக்கும்? எதிரியின் பெயர் இடாப்பு எம்மிடம் இல்லை. அவன் தன் பிணங்களைத் தன் பின்னணியிலே புதைக்கிறான். ஆகவே இது எண்ணுவதன்று, ஊகிப்பது. ஹெய்க்கின் புலனாய்வுத் தலைவராக இருந்த ஜோன் சார்ட்டெரிஸ், பிடிபட்ட ஜேர்மன் வீரர்களின் தோட்பட்டை இலக்கங்களையும் வாக்குமூலங்களையும் கொண்டு, எத்தனை ஜேர்மன் படைப்பிரிவுகள் சொம் களத்துக்கு வந்து போயின என்று கணக்கிட்டார். வந்து போன படைப்பிரிவு 'பாவித்துத் தீர்ந்த' படைப்பிரிவாகக் கொள்ளப்பட்டது. இது நியாயமான முறைபோலத் தோன்றும். ஆனால் அது எவ்வளவு தீர்ந்தது? பாதியா, காற்பங்கா? ஓய்வெடுத்துத் திரும்பி வருமா? இக்கேள்விகளுக்கு விடை இல்லாதபோது, மேலதிகாரி விரும்பும் விடையே விடையாகிவிடுகிறது. சார்ட்டெரிஸ் நம்பிக்கை மிகுந்தவர். அவருடைய தளபதியும் அத்தகையவரே.

அந்த யூலை மாத இறுதியில் லண்டனிலிருந்த அமைச்சர்கள் கலக்கமுற்றனர். இவ்வளவு இழப்புக்கு ஈடான பயன் கிட்டுமா என்று படைத்தலைமை அதிகாரி றொபேட்சன் ஹெய்க்கிடம் கடிதம் மூலம் கேட்டார். ஆகஸ்ட் 1ஆம் திகதி ஹெய்க் எழுதிய பதில், எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்வோர் ஒவ்வொருவரும் ஊன்றிப் படிக்கவேண்டிய ஒன்று. யூலை மாதத்து இழப்பு, தாக்குதல் நடத்தாமலே இருந்திருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பைவிட 120,000 அளவில்தான் கூடுதலானது என்கிறார். அதாவது, சும்மா பதுங்குகுழியில் இருந்தாலும் மாதாமாதம் சிலர் சாகத்தான் போகின்றனர். அவர்களைக் கழித்துவிட்டு மிகுதியை மட்டும் பாருங்கள் என்பது வாதம். கழித்தலிலே தவறில்லை. ஆனால் கழித்து வந்த எண்ணை மட்டும் காட்டுமிடத்து, அது சிறிதாகத் தோன்றுவதும் தற்செயலன்று. அதே கடிதத்தில், ஒரு மாதத்தில் முப்பது ஜேர்மன் படைப்பிரிவுகள் பாவித்துத் தீர்க்கப்பட்டுவிட்டன என்றும், இன்னும் ஆறு கிழமையில் எதிரி ஆட்களுக்குத் திண்டாடுவான் என்றும் கூறுகிறார். ஆறு கிழமை கடந்தது. சமர் நவம்பர் 18 வரை நீண்டது. போரோ 1918 நவம்பர் வரை நீண்டது.

அதே ஆகஸ்ட் 1ஆம் திகதியிட்டு, பதவியிழந்து சாதாரண பாராளுமன்ற உறுப்பினராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலும் ஓர் அறிக்கை எழுதினார். நண்பரொருவர் மூலம் அது அமைச்சரவைக்கு எட்டியது. ஜேர்மனியரின் இழப்பைவிடப் பிரித்தானியரின் இழப்பே மிகப் பெரிது என்பதும், முதல் இரண்டு மணி நேரத்திற் பிடிக்க எதிர்பார்த்த நிலத்தை ஒரு மாதத்திலும் பிடிக்கவில்லை என்பதும் அவர் வாதம். ஒரே சமர், ஒரே நாள், ஒரே அரசாங்கத்துக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு கணக்குகள். இருவரும் ஒரே தரப்பினர். எதிரெதிர்த் தரப்பினர் தரும் கணக்குகள் முரண்படுவதைக் கண்டு நாம் ஏன் வியக்கவேண்டும்?

இதே ஆண்டில் இதே பிழையை மறுதரப்பும் செய்தது என்பதே சுவையான செய்தி. சொம் களத்துக்குத் தென்கிழக்கே வெர்டன் கோட்டையைச் சூழ பெப்ரவரி 21 முதல் ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிக்கொண்டிருந்தனர். பிரெஞ்சுத் தளபதி பெத்தான் தம் படைப்பிரிவுகளை நெடுநாள் களத்தில் வைத்திருக்கவில்லை. சில நாட்கள் நிறுத்துவார். பின் எடுத்துவிட்டுப் புதியதை அனுப்புவார். நீரிறைக்கும் சக்கரத்தின் வாளிகள் நிறைந்தும் வெறிதாகியும் சுழல்வதைப்போன்ற இம்முறைக்குப் பிரெஞ்சுக்காரர் அச்சக்கரத்தின் பெயரான 'நோரியா' என்பதையே இட்டனர். ஜேர்மன் புலனாய்வோ, புதிது புதிதாகப் படைப்பிரிவுகள் வருவதைக் கண்டது. முன்னையவை அழிந்துவிட்டமையாலேயே புதியவை வருகின்றன என்று பொருள்கொண்டது. ஜேர்மனியர் தம் படைப்பிரிவுகளை ஓயும்வரை களத்திலேயே வைத்திருப்பவர்கள். தம் வழக்கத்தையே எதிரியின் வழக்கமாகவும் எண்ணிக்கொண்டனர். தமது இருவருக்குப் பிரெஞ்சுக்காரர் ஐவர் என்ற விகிதத்தில் எதிரி அழிவதாகத் தளபதி பல்கன்ஹைன் நம்பினார். போருக்குப் பின் கூட்டியபோது பிரெஞ்சு இழப்பு 377,000 அளவிலும் ஜேர்மன் இழப்பு 337,000 அளவிலும் இருந்தன. ஐந்துக்கு இரண்டு எங்கே, இது எங்கே! ஆகஸ்ட் முடிவதற்குள் பல்கன்ஹைன் அப்பதவியிலிருந்து விலக நேர்ந்தது.

போர் முடிந்து பேரேடுகள் திறக்கப்பட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று நம்புவதும் முழுமையாகச் சரியன்று. சொம் சமரில் பிரித்தானிய இழப்பு 419,654 என்றும் பிரெஞ்சு இழப்பு இரண்டு இலட்சத்துச் சொச்சம் என்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. ஜேர்மன் இழப்போ நான்கு இலட்சத்துச் சொச்சம் முதல் 680,000 வரை ஆளுக்கொரு விதமாகக் கூறப்படுகிறது. பிரித்தானியாவின் உத்தியோகபூர்வ வரலாற்றாசிரியரான சேர் ஜேம்ஸ் எட்மண்ட்ஸ், ஜேர்மனியர் இலேசாகக் காயமடைந்தோரைத் தம் கணக்கிற் சேர்ப்பதில்லை என்று கூறி, அவர்களுடைய எண்ணுடன் நூற்றுக்கு முப்பது வீதம் கூட்டவேண்டுமென்றார். கூட்டினால் ஜேர்மன் இழப்பு நேசநாடுகளின் இழப்பைத் தாண்டிவிடும். சொம் சமர் வெற்றியாகிவிடும். 1960களில் எம். ஜே. வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் இந்த முப்பது வீதத்தை எடுத்துச் சோதித்து, அதற்குப் போதிய ஆதாரம் இல்லையெனக் காட்டினார். ஒரு வீதத்தைக் கூட்டுவதால் ஒரு சமரின் தீர்ப்பே மாறுகிறதென்றால், அந்த வீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாசகரின் கடமை.

சமர் நடக்கும்போதே எண்களைச் சோதிக்க வழி உண்டா? உண்டு. அதனை எனக்கு விளக்கியது 1940இன் பிரித்தானிய வான்சமர். அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி மாலை, 185 ஜேர்மன் விமானங்கள் வீழ்த்தப்பட்டன என்று லண்டன் அறிவித்தது. நாடே ஆர்ப்பரித்தது. போருக்குப் பின் ஜேர்மன் வழங்கற் பிரிவின் பதிவேடுகளைப் புரட்டியபோது அன்றைய இழப்பு அறுபதளவில்தான் என்று தெரிந்தது. விமானிகள் பொய்யரல்லர். ஒரே விமானத்தை மூவர் சுடுகின்றனர்; அது புகை கக்கி முகிலுக்குள் விழுகிறது; மூவரும் தத்தம் கணக்கில் ஒன்று எழுதுகின்றனர். ஜேர்மன் விமானிகளும் அவ்வாறே மிகைப்படுத்தினர். ஆனால் ஒரு வேறுபாடு. லண்டன் மிகைப்படுத்தியது ஊக்கத்துக்கு உதவியது. பேர்லின் தன் மிகைக் கணக்கைத் தானே நம்பி, பிரித்தானியரிடம் விமானங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்று கருதித் திட்டம் வகுத்தது. செப்டெம்பர் 15இல் லண்டனுக்கு மேல் எதிர்ப்பட்ட போர்விமானங்களின் தொகையைக் கண்டு ஜேர்மன் விமானிகள் திகைத்துப்போயினர்.

அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பிரித்தானியக் கணக்கை ஐயுற்று வினவியபோது, வான்படைத் தளபதி டவுடிங் அளித்த விடை குறிப்பிடத்தக்கது. ஜேர்மனியர் சொல்லும் கணக்கு உண்மையானால் ஒரு கிழமைக்குள் அவர்கள் லண்டனில் நிற்பார்கள்; இல்லையேல் நிற்கமாட்டார்கள் என்பது அவர் கருத்து. எண்ணை எண்ணுடன் மோதவிட்டுப் பார்ப்பதைவிட, எண்ணை அடுத்த கிழமையின் நிகழ்வுடன் பொருத்திப் பார்ப்பது மேல். இத்தனை பேர் அழிந்தனர் என்று சொல்லப்பட்ட அணி மறுமாதம் அதே இடத்திற் போரிடுகிறதா? வென்றதாகச் சொன்னவர்கள் முன்னேறினார்களா, பின்வாங்கினார்களா? புதிய ஆட்சேர்ப்பு ஏன் திடீரெனத் தீவிரமாகிறது? இவற்றை மறைப்பது எண்ணை மறைப்பதுபோல் எளிதன்று.

வியட்நாமில் அமெரிக்கர் இன்னொரு வழியில் ஏமாந்தனர். முன்னரங்கு என்று ஒன்றில்லாத போரில் வெற்றியை அளக்க நிலம் உதவாது என்பதால் பிணங்களை எண்ணினர். எண்ணிக்கை கூடினால் அதிகாரிக்குப் பதவியுயர்வு. கொன்றவர் தொகை, வடக்கிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் புதிதாகச் சேர்பவர் தொகையை மிஞ்சிவிட்டது என்று 1967இல் தளபதி வெஸ்ற்மோலண்ட் நம்பினார். 1968 சனவரி இறுதியில் தென்வியட்நாமின் நகரங்கள் பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாக்குதல் வெடித்தது. அதன்பின்னும் எண்ணிக்கை நிற்கவில்லை. 1968 டிசெம்பர் முதல் 1969 மே வரை மேக்கொங் கழிமுகத்தில் நடந்த 'ஸ்பீடி எக்ஸ்பிரஸ்' நடவடிக்கையில் எதிரிகள் 10,800க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக இராணுவம் அறிவித்தது. கைப்பற்றிய ஆயுதங்கள் 748. பதினான்கு பேருக்கு ஓர் ஆயுதம்! ஆயுதமில்லாமல் இறந்த மற்றவர்கள் யார்? 1972இல் 'நியூஸ்வீக்' சஞ்சிகையின் நிருபர் கெவின் பக்லி இவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்று, அவர்களிற் பல்லாயிரவர் சாதாரண கிராமத்தவர் என்று எழுதினார். இராணுவம் தானே பெருமையுடன் வெளியிட்ட இரண்டு எண்களை அருகருகே வைத்ததே அவ்விசாரணையின் வித்து.

வரலாறு கற்பித்த நாட்களில் சொம் சமரைப் பற்றி நான் மாணவருக்குச் சொன்னது இரண்டொரு வசனங்களே. வெளியே வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. மின்சாரமும் மின்கலமும் அற்ற அக்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்போம். கொழும்பு ஒரு கணக்குச் சொல்லும். இயக்கத்தின் வானொலி இன்னொரு கணக்குச் சொல்லும். இரண்டையும் சேர்த்து லண்டன் தமிழோசை, 'சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை' என்ற வாலுடன் ஒலிபரப்பும். முற்றத்தில் இருந்த முதியவர்கள் ஒன்றைப் பாதியாக்கி மற்றதை இரட்டித்து நடுவில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். அந்த நடுவெண்ணுக்கும் உண்மைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவேண்டிய அவசியமில்லை. இரண்டு பிழைகளின் நடுவில் இருப்பது மூன்றாவது பிழையாகவும் இருக்கலாம். ஆனால் செஞ்சிலுவைச் சங்கத்தினூடாக எத்தனை உடல்கள் கையளிக்கப்பட்டன என்ற செய்தி வரும்போது எல்லோரும் மௌனமாகிக் காதுகொடுப்பார்கள். இரு தரப்பும் கையொப்பமிட்டுக் கொடுத்து வாங்கிய எண் அது. முழு எண்ணன்று; ஆயினும், அதற்குக் கீழே உண்மை இறங்க முடியாத ஒரு தரை.

தரையையும் கூரையையும் பிரித்தறியாமையால் விளைந்த பெருந்துன்பத்தை எம்மினம் 2009இல் அனுபவித்தது. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை வன்னியில் 7,721 பொதுமக்கள் கொல்லப்பட்டும் 18,479 பேர் காயமடைந்தும் இருந்ததாக ஐக்கிய நாடுகள் அலுவலர்கள் சமர் நடக்கும்போதே குறித்து வைத்திருந்தனர். உறுதிப்படுத்தக்கூடியவற்றை மட்டும் சேர்த்த எண் அது, ஆகவே தரை. அந்த எண் அப்போது பகிரங்கமாக அறிவிக்கப்படவில்லை. 2011இல் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடுமென்பதை மறுப்பதற்கில்லை என்று எழுதியது. இராணுவத்தரப்பின் கணக்கை 2009 மே மாதத்திலேயே பாதுகாப்புச் செயலாளர் வெளியிட்டார்: 2006 யூலையிலிருந்து படையினர் 6,261 பேர் இறந்தனர், 29,551 பேர் காயமடைந்தனர் என்பது அது. சீருடை அணிந்தவரை ஒற்றை இலக்கம் வரை எண்ண முடிந்த அதே போரில், அணியாதவரின் தொகை இன்றுவரை ஆயிரங்களின் வித்தியாசத்தில் நிற்கிறது. அதற்காக எம்மவர் கூட்டங்களில் நினைத்த எண்ணையெல்லாம் மேடையிற் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு முறையும் எண் மாறினால், கேட்பவன் எல்லா எண்ணையும் ஐயுறுவான்; அப்போது நிரூபிக்கத்தக்க தரையும் எம் காலின் கீழிருந்து நழுவும்.

காணாமற்போனோர் நிரலைப் பொறுத்தவரை, இலங்கையில் 16,000க்கு மேற்பட்டோரைப் பற்றிய விண்ணப்பங்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பதிந்து வைத்திருக்கிறது. அவற்றுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை அரச படையினரைப் பற்றியவை; அனுப்பியவர்கள் தெற்கிலுள்ள சிங்களக் கிராமங்களின் தாய்மாரும் மனைவிமாரும். மீதி எம்முடையவை.

சொம் களத்தில் தியப்வால் என்னுமிடத்தில் 1932இல் திறந்துவைக்கப்பட்ட நினைவுவளைவில், கல்லறை அறியப்படாத 72,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இன்றும் அப்பகுதி உழவர்களின் கலப்பையில் எலும்புகள் தட்டுப்படுவதுண்டு. ஒருவர் இன்னாரென அடையாளம் காணப்பட்டுப் புதைக்கப்படும்போது அவர் பெயர் அந்தச் சுவரிலிருந்து நீக்கப்படுகிறது. 2024 மே மாதம், பெயர் தெரியாத நியூபவுண்ட்லாந்து வீரன் ஒருவனின் எச்சங்களைப் பிரான்சு கையளித்தது. யூலை முதலாம் திகதி சென் ஜோன்ஸ் நகரத்து நினைவுச்சின்னத்தின் அடியில் அவனை அடக்கம் செய்தார்கள். அவன் எந்தத் தாயின் மகன் என்பது தெரியாதபடியால், திரும்பிவராத எவரையும் தம்முடையவரென்று சொல்லக்கூடிய குடும்பங்களெல்லாம் அன்று அந்தத் தெருவில் வந்து நின்றன.